வாசகர் கேள்வி பதில்: கை மாறி வந்த பைக்

போன மாதம் பழைய பைக் வாங்குவதைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஊரும் மாடலும்தான் வேறு. அதனால் ஒருவருக்கு நீளமாகவும் மற்றவர்களுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்லியிருக்கிறேன். சுருக்கமாக வாங்கிக்கொண்டவர்கள் கோபித்துக்கொள்ளாமல் முதல் பதிலையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்.

கேள்வி: ஈரோட்டில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2017 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ் வாங்கியிருக்கிறேன். மீட்டர் 31 ஆயிரம் காட்டுகிறது. "எல்லாம் செய்து வைத்திருக்கிறோம் தம்பி, பெட்ரோல் போட்டு ஓட்டுங்க" என்கிறார்கள். அப்படியே ஓட்டலாமா? முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: "எல்லாம் செய்து வைத்திருக்கிறோம்" என்றால் வாட்டர் வாஷ் அடித்து, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறை சொல்லவில்லை, வண்டி பளபளவென்று நின்றால்தானே விலை போகும். ஆனால் ஆயில் எப்போது மாற்றியது, என்ன ஆயில் ஊற்றியது, பிரேக் ஷூ எத்தனை கிலோமீட்டர் பழசு என்பதெல்லாம் அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாததை எல்லாம் செய்யாத வேலை என்றே கணக்கில் வையுங்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் இன்றைய தேதியையும் மீட்டரில் உள்ள எண்ணையும் எழுதிவிடுங்கள், உங்களைப் பொறுத்தவரை வண்டி பிறந்த நாள் அதுதான்.

நம்மவர்கள் எல்லோரும் முதலில் கை வைப்பது இன்ஜினில். நான் சொல்வது, வண்டியை நிறுத்துகிற சாமான்களை முதலில் பாருங்கள், ஓட்டுகிற சாமான்கள் ஒரு வாரம் காத்திருக்கும். பின்சக்கர டிரம் மூடியில், பிரேக் ராடு வந்து சேருகிற இடத்தில், ஒரு சின்ன அம்புக்குறியும் எதிரே ஓர் அடையாளமும் இருக்கும். பிரேக்கை முழுசாக மிதித்துப் பிடிக்கும்போது அம்பு அந்த அடையாளத்துக்கு நேரே வந்துவிட்டால் ஷூ முடிந்தது என்று அர்த்தம். இது சர்வீஸ் ஒழுங்காக நடந்த வண்டிக்குப் போதும். கை மாறி வந்த வண்டிக்கு இரண்டு சக்கரத்தையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துவிடுவதே நல்லது, ஏனென்றால் உள்ளே நயம் ஷூ இருக்கிறதா, எங்கோ கிடைத்த மட்டமான ஷூவைப் போட்டு மூடியிருக்கிறார்களா என்று அம்புக்குறி சொல்லாது. கழற்றியது கழற்றியதுதான், கூடவே சக்கர பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், மணல் அரைப்பதுபோல் கரகரவென்றால் மாற்ற வேண்டும். பின்சக்கரத்தில் செயின் இழுக்கும் அதிர்ச்சியைத் தாங்குகிற கப்ளிங் ரப்பரையும் பார்த்துவிடுங்கள். கியர் போட்டு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து "டக்" என்று ஓர் உதறல் வருகிறதே, அதற்கு செயினைத் திட்டிக்கொண்டிருப்பார்கள், பல நேரம் குற்றவாளி இந்த ரப்பர்தான்.

அப்புறம் டயர். அந்தக் கறுப்புப் பாலிஷைத் துணியால் துடைத்துவிட்டுப் பக்கச் சுவரைப் பாருங்கள், நாலு இலக்க எண் ஒன்று தனியாகக் கட்டம் கட்டியதுபோல் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. பின் டயரை யாராவது மாற்றியிருப்பார்கள், முன் டயர்தான் சிக்கல். அது மெதுவாகத்தான் தேயும், அதனால் பட்டன், அதாவது மேலே உள்ள ரப்பர் புடைப்பு, அப்படியே இருக்கும், பார்த்தால் மாற்ற மனசு வராது. எண் 17 என்று முடிந்தால் அது வண்டியோடு வந்த ரப்பர். நகத்தால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போகாமல் கல் மாதிரி நிற்கும், பட்டனுக்கு நடுவே மயிரிழை வெடிப்பு தெரியும். முதல் மழையில், தார் ரோட்டில் எண்ணெய் மிதக்கிற நேரத்தில், பிரேக் பிடித்தால் அந்த டயர் சறுக்கிக்கொண்டே போகும். பட்டன் இருக்கிறதே என்று வைத்திருக்காதீர்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரே விரலால் இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் "டொக்" என்று நின்றால் ஹேண்டில் திரும்ப உதவுகிற பேரிங், அதாவது கோன் செட், போய்விட்டது. முன் ஃபோர்க் இரண்டையும் அடியில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தால் டைட் வைத்தாலே போதுமா என்று மெக்கானிக் பார்த்துச் சொல்லட்டும். "வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, சேஸ் கோட்டம்" என்று பயமுறுத்தப்பட்ட வண்டிகளில் பாதி கோன் செட் மாற்றியதும் ஒழுங்காகிவிடும்.

ஸ்ப்ளெண்டருக்கு செயின் முழுக்க மூடிய கவருக்குள் இருப்பதால் மழையும் மண்ணும் அதிகம் படாது, அதே காரணத்தால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதும் இல்லை. கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்துவிட்டு விரலால் செயினை மேலும் கீழும் தள்ளினால் ஓர் அங்குலம் ஆடுவது சரி. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓர் இடத்தில் விறைப்பாகவும் இன்னோர் இடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் செயின் சீரில்லாமல் நீண்டுவிட்டது, எந்த டைட்டும் அதைச் சரிசெய்யாது. மாற்றினால் செயினும் அது ஓடுகிற இரண்டு பல் சக்கரமும், அதாவது ஸ்பிராக்கெட்டும், செட்டாகத்தான். பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் புதுசும் சீக்கிரமே பழசாகிவிடும்.

இப்போது ஆயில். வண்டியை ஒரு 5 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு டிரெயின் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். நான் ஒரு தடவை வாங்கிய வண்டியில் போல்ட் சுற்றியது, ஆனால் வெளியே வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அதை முறுக்கி முறுக்கி மரையைத் தேய்த்துவிட்டு, எம்-சீல் வைத்துப் பூசி, மேலே இன்ஜின் கலரில் பெயின்ட்டும் அடித்திருந்தார். புது மரை வெட்டி, கொஞ்சம் பெரிய போல்ட் போட ஒரு நாள் ஆனது. உங்களுக்கு அந்தக் கதி வராது என்று வையுங்கள். வருகிற ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக இருப்பது பெரிய விஷயமில்லை. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெயிலில் காட்டும்போது ஜிகினா மின்னினால் உள்ளே ஏதோ உராய்கிறது.

இந்த இன்ஜினில் கார்களில் போல மாற்றிப் போடும் ஆயில் ஃபில்டர் கிடையாது. வலது பக்க மூடிக்குள் சுழலுகிற ஒரு கிண்ணம் அழுக்கை ஓரத்துக்குத் தள்ளிச் சேர்த்து வைக்கும், கீழே ஒரு சல்லடை இருக்கும். சாதாரண ஆயில் மாற்றத்தில் இந்த இரண்டையும் யாரும் தொடுவதில்லை. நீங்கள் இந்த ஒரு தடவை மூடியைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள், புது கேஸ்கெட்டும் வாங்கிக் கொடுங்கள். அந்தக் கிண்ணத்தில் அல்வா மாதிரி படிந்திருப்பதைப் பார்த்தால் முந்தைய ஓனர் எப்படிப்பட்டவர் என்று ஜாதகமே தெரிந்துவிடும்.

புது ஆயில் 10டபிள்யூ-30, ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். அளவு பார்ப்பதில் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தி, அதேபோல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, வண்டி நேராக நிற்கும்போது ஆயில் மூடியோடு சேர்ந்த அளவுக் குச்சியைத் துடைத்து உள்ளே விட வேண்டும், மரையில் திருகக் கூடாது. திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். முதல் ஆயிலை மட்டும் ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள், பழைய அழுக்கைக் கரைத்துக்கொண்டு வரும் என்பதால் சொல்கிறேன். அதற்கப்புறம் புத்தகத்தில் போட்டிருக்கிற கணக்குப்படி போனால் போதும்.

ஏர் ஃபில்டர், பிளக், கிளட்ச் கேபிள் மூன்றும் சில்லறைச் செலவு, யோசிக்காமல் மாற்றுங்கள். பழைய கிளட்ச் கேபிளை லிவர் பக்கம் பிரித்துப் பாருங்கள், இரண்டு மூன்று இழை அறுந்து முள்ளாக நிற்கும். மீதி இழைகள் நடுராத்திரி பெருந்துறை ரோட்டில்தான் அறும்.

மீட்டர் 31 ஆயிரம் என்கிறீர்கள். கால் வைக்கும் ரப்பர், கியர் லிவர் ரப்பர், பிரேக் மிதியின் வரிகள், சாவியின் முனை, இந்த நாலையும் பாருங்கள். பிரேக் மிதி வழவழவென்று தேய்ந்து, சாவி எந்தக் கோணத்தில் போட்டாலும் உள்ளே போனால் அது 31 ஆயிரம் ஓடிய வண்டி இல்லை. வாங்கியாயிற்று, இனி சண்டை போட்டுப் பலனில்லை. சர்வீஸ் இடைவெளியை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. "படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம், நீங்க விற்கும்போது வாங்குகிறவர் பெயருக்கு நேராக மாற்றிக்கலாம், செலவு மிச்சம்" என்கிறார் கடைக்காரர். சரிதானே?

பதில்: இல்லை. அவருக்குத்தான் மிச்சம். விற்றவர் தமிழ்நாட்டுக்குள் என்றால் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. படிவம் 29, 30 இரண்டும் அதற்குத்தான். வண்டி லோனில் இருந்தது என்றால் படிவம் 35-உம் பைனான்ஸ் கொடுக்கும் என்.ஓ.சி.யும், அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்றும், வேண்டும். லோன் கட்டி முடித்தாயிற்று என்பார்கள், ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு, அப்படியே உட்கார்ந்திருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு அதையும், கட்டாத அபராதம் ஏதாவது இருக்கிறதா என்பதையும் பார்த்திருக்க வேண்டும், இப்போதாவது பாருங்கள்.

பழைய ஓனருக்கும் இது தலைவலிதான், அவரிடம் எடுத்துச் சொன்னால் உங்களைவிட வேகமாக ஓடி வருவார். பல கை மாறிப்போன ஒரு வண்டி விபத்தில் சிக்கிய வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்ற பேச்சு எடுபடவில்லை.

இன்சூரன்ஸை மறந்துவிடாதீர்கள். பெயர் மாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பு வண்டியோடு வந்துவிடும், ஆனால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு, பழைய பெயரிலேயே கிடந்தால், ஒரு பைசா வாங்குவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். பழைய ஓனர் சேர்த்து வைத்த நோ கிளைம் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது. உரிமையாளர் ஓட்டிக்கொண்டு போகும்போது உயிர் போனால் குடும்பத்துக்குக் கிடைக்கிற 15 லட்சம் ரூபாய் காப்பும் பாலிசியில் பெயர் உள்ள உரிமையாளருக்குத்தான். இதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், மறுநாளே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளப்பிவிடுவார்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து ஒரு தடவை நீலப் புகை வருகிறது, அப்புறம் நாள் முழுக்க இல்லை. இன்ஜினைப் பிரித்து சிலிண்டரை போர் செய்து (உள்சுவரைக் கடைந்து) பிஸ்டன், ரிங் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டி வாங்கி 12 நாள்தான் ஆகிறது சார்.

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்கிற அடையாளம் ரிங்கை விட வால்வு சீலைத்தான் அதிகம் காட்டுகிறது. ராத்திரி வண்டி நிற்கும்போது மேலே தேங்கிய ஆயில் கெட்டிப்பட்ட சீல் வழியாக ஒரு சொட்டு இரண்டு சொட்டு கீழே இறங்கும், காலையில் அது எரிந்து போகும், அவ்வளவுதான். ரிங் தேய்ந்த வண்டி இப்படி ஒரு தடவை புகைத்துவிட்டுச் சமர்த்தாக இருக்காது, நீங்கள் ஆக்சிலேட்டரை முறுக்கும்போதெல்லாம், மேடு ஏறும்போதெல்லாம், பின்னால் வருகிறவர் முகத்தைச் சுளிக்கிற அளவுக்குப் புகைக்கும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஆயிலைச் சரியான அளவுக்கு ஊற்றி, குச்சியில் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். மறுபடி பாருங்கள். கோடு லேசாக இறங்கியிருந்தால் சீல் வேலையோடு முடியும், ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். அடிக் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. பிரிப்பதற்கு முன்னால் கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் பட்டறையில் ஒரு தடவை அளந்துவிடுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார். குளிர்ந்த காலையில் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் வந்து மறைவது வெறும் ஈரம், அதை வைத்து யாராவது இன்ஜினைப் பிரிக்கச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: கார் சர்வீஸில் மீந்த நல்ல சிந்தெடிக் ஆயில் ஒரு லிட்டர் இருக்கிறது. பைக்குக்கு ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பைக்கில் கிளட்ச் பிளேட் அந்த ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கிறது. உராய்வைக் குறைக்கக் கார் ஆயிலில் சேர்க்கிற மருந்து கிளட்ச்சை வழுக்க வைத்துவிடும், இன்ஜின் கத்தும், வண்டி நகராது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. என்றோ எம்.ஏ.2 என்றோ போட்டிருப்பதை வாங்குங்கள். அந்த ஒரு லிட்டரை வீட்டு இரும்பு கேட்டின் கீலுக்கு விடுங்கள்.

கேள்வி: தூத்துக்குடியில் குறைந்த விலைக்கு ஒரு பைக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். 2023 வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டுக்காரர் கிளப்பிவிட்டார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அந்த டிசம்பரில் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னையும், 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. அந்த வண்டிகள் எங்கெங்கோ விற்பனைக்குப் போயின, அதனால் சந்தேகம் நியாயம்தான். வெளியே எவ்வளவு கழுவினாலும் கை போகாத இடங்கள் உண்டு. ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள், களிமண் ஒரு கோடாகப் படிந்திருக்கும். சீட்டைத் தூக்கி ஒயர்களை இணைக்கும் கப்ளர்களைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். பெட்ரோல் டாங்குக்கு அடியில், சேஸ் மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவினால் மண் ஒட்டும். ஹேண்டில் சுவிட்ச் பெட்டி இரண்டு ஸ்க்ரூதான், அதையும் திறந்து பாருங்கள்.

மூழ்கியது உறுதியானால் விற்றுத் தொலைக்க வேண்டும் என்றில்லை. ஆயிலை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக மாற்றி, டாங்கை வடித்து, சக்கர பேரிங், கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து கிரீஸ் வைத்தால் வண்டி பிழைக்கும். ஒயரிங்தான் பழிவாங்கும். கார்புரேட்டர் வண்டி என்றால் தைரியமாக இருங்கள். 2020-க்குப் பிந்தைய பி.எஸ். 6 வண்டி என்றால் சென்சார், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யு., பெட்ரோல் பம்ப் எல்லாம் மின்சாரம், இன்றைக்கு ஓடும், மூன்று மாதம் கழித்து ஒரு கப்ளர் அரித்துப்போய் நடுரோட்டில் நிற்கும். சாவி போட்டதும் எரிகிற இன்ஜின் விளக்கு ஸ்டார்ட் ஆன பிறகும் அணையவில்லையா, அல்லது சாவி போட்டதும் எரியவே இல்லையா என்று கவனியுங்கள். எரியாதது அதைவிட மோசம், பல்பையோ ஒயரையோ யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: பழைய ஆர்.எக்ஸ். 100 ஒன்று கிடைத்திருக்கிறது. 1999 மாடல் என்கிறார்கள்.

பதில்: ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. டாங்கில் ஒட்டியிருக்கிற எழுத்தை விட்டுவிட்டு ஆர்.சி.யில் என்ன மாடல் போட்டிருக்கிறது என்று படியுங்கள். சேஸ் எண்ணிலும் இன்ஜின் எண்ணிலும் பென்சில் தேய்த்துப் பேப்பரில் எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். மனசு கேட்காது, தெரியும்.

கேள்வி: என் வண்டிக்கு லிட்டருக்கு 65 கிடைக்கும் என்றார்கள், 45-க்கு மேல் வரவில்லை.

பதில்: முதலில் எப்படி அளந்தீர்கள்? ரிசர்வில் விழுந்ததிலிருந்து கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். டாங்கை வாய்வரைக்கும் நிரப்பி 150 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில் மறுபடி நிரப்பி வகுத்துப் பாருங்கள். அப்போதும் 45 என்றால் கார்புரேட்டரைத் தொடும் முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரே சுற்றில் சர்ரென்று நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, பத்து கிலோமீட்டர் ஓட்டி டிரம்மைத் தொட்டால் சுடும். அடுத்தது காற்று. செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள அளவை வாரம் ஒரு தடவை பாருங்கள். இந்த இரண்டிலேயே பெரும்பாலும் கேள்வி முடிந்துவிடும்.

கேள்வி: கல்லூரிக்குப் போக ஒரு பழைய பைக் பார்த்து வைத்திருக்கிறேன். அப்பா ஊரில் இல்லை, நான் ஒரு பெண், தனியாகப் போனால் ஏமாற்றிவிடுவார்களா? மெக்கானிக் யாரையும் தெரியாது.

பதில்: தனியாகப் போகிற ஆண்களையும் ஏமாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள் அம்மா, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே ஒரு விஷயம், காலை 7 மணிக்கு வருகிறேன், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் இன்ஜினைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டியை உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். "சாயங்காலம் வந்து பார்க்கிறேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சாயங்காலம் போக வேண்டாம்.